நோட்டா, கார்டா, ஸ்கேனா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டில் எல்லாரும் போனை நீட்டியே வாங்கிவிடுகிறார்கள். நான் மட்டும் பர்ஸில் நோட்டும் கார்டும் வைத்துக்கொண்டு அலைகிறேன். இனி இவை தேவையா? கையில் எவ்வளவு ரொக்கம் வைத்திருப்பது?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்*

வேலை போனது கார்டுக்குத்தான் ஐயா. நோட்டு இன்னும் பணியில் இருக்கிறது. 2016-இல் தொடங்கிய யூபிஐ, 2025 ஆகஸ்டில் முதன்முறையாக ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. அதே நாட்டில், பணமதிப்பிழப்புக்கு முன் ஏறத்தாழ 18 லட்சம் கோடி ரூபாயாக இருந்த நோட்டுப் புழக்கம், 2025 மார்ச்சில் 36 லட்சம் கோடிக்கு மேல் போயிருந்தது. டீக்கும் தக்காளிக்கும் ஸ்கேன் செய்கிறவர்கள் ஆத்திர அவசரத்துக்குப் பீரோவில் நோட்டைத்தான் அடுக்குகிறார்கள் என்று இதைப் படிக்கலாம். நடுவில் நசுங்கியது டெபிட் கார்டு. அதே வங்கிக் கணக்கிலிருந்து, மெஷின் இல்லாமல், கடைக்காரருக்குக் கட்டணமும் இல்லாமல் ஸ்கேனில் பணம் போய்விடும்போது கார்டைத் தேய்க்க யாருக்கு மனம் வரும்?

ஆனாலும் கார்டைத் தூக்கிப் போடாதீர்கள். 2025 ஏப்ரல் 12 அன்று யூபிஐ நாடு முழுக்க மணிக்கணக்கில் தடுமாறியது. "பணம் போனதா, போகவில்லையா" என்று கேட்கும் கோரிக்கைகளை வங்கிகளின் கணினிகள் சரமாரியாக அனுப்பியதில் மைய அமைப்பே திணறிப்போனது. அப்படிப்பட்ட நேரத்தில் ஜிபேயை விட்டுப் போன்பேக்கு மாறிப் பயனில்லை. எந்தச் செயலியில் போட்டாலும் தேசியப் பேமென்ட்ஸ் கார்ப்பரேஷனின் அதே அமைப்பு வழியாகத்தான் பணம் போக வேண்டும். விசா, மாஸ்டர் கார்டுகளுக்குப் பாதை வேறு; அன்றைக்கு அவை கைகொடுக்கும். உங்கள் வங்கியின் சர்வரே படுத்துவிட்டால் அந்த வங்கியின் கார்டு, யூபிஐ, ஏடிஎம் மூன்றும் சேர்ந்து படுக்கும். அதற்கு மருந்து வேறொரு வங்கியில் சிறு கணக்கு.

ரொக்கம்? வீட்டுச் செலவு மூன்று நாளைக்கு ஆகும் தொகை போதும். அதில் பாதியாவது 100, 50, 20, 10 ரூபாய்த் தாள்களாக இருக்கட்டும். டவுன் பஸ்ஸில் 500-ஐ நீட்டினால் கண்டக்டர் பார்க்கும் பார்வை உங்களுக்குத் தெரியாததல்ல.

ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்ததும் பெங்களூரில் நிறையக் கடைகள் ஸ்கேனரைக் கழற்றிவிட்டு "ரொக்கம் மட்டும்" என்று எழுதி வைத்தன. நானும் கழற்றிவிடலாமா?
*பேக்கரி, டீக்கடை நடத்துபவர், ஓசூர்*

கழற்றுவதால் கிடைப்பது தவறான நிம்மதி. நடந்தது இதுதான்: யூபிஐ வரவுகளைக் கூட்டிப் பார்த்த கர்நாடக வணிகவரித் துறை, ஜிஎஸ்டி பதிவு வரம்பைத் தாண்டியும் பதியாதவர்கள் என்று பட்டவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. 2025 ஜூலையில் கடைக்காரர்கள் கொதித்தார்கள். பழைய பாக்கியை வசூலிக்கப்போவதில்லை என்று முதல்வர் சித்தராமையா அறிவித்த பிறகு சூடு தணிந்தது. ஆனால் சட்டம் மாறவில்லை. வரம்பு என்பது மொத்த விற்பனைக்கு. அதில் ரொக்கமும் அடக்கம். ஸ்கேனர் அந்த விற்பனையைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்கிறது, அவ்வளவே. நேற்று வரை வந்த வரவு வங்கி ஏட்டில் அப்படியே இருக்கும்.

உங்கள் கடையில் கவனிக்க வேண்டியது வரம்பு எது என்பது. பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம். சேவை கலந்தால் 20 லட்சம். டீ ஆற்றிக் கொடுப்பதும் பஜ்ஜி பரிமாறுவதும் சட்டத்தின் கண்ணில் உணவகச் சேவை. ஆகவே பிரெட், பன் விற்கும் அதே கல்லாவில் டீயும் விற்றால் உங்கள் வரம்பு 20 லட்சம். இது நாளொன்றுக்கு ஏறக்குறைய 5,500 ரூபாய் வியாபாரம். ஓசூர் பஸ் நிலையம் பக்கம் கடை என்றால் காலை பத்து மணிக்குள் ஆகிவிடும். ஏப்ரல் முதல் மார்ச் வரை கணக்கு. ஒரே பான் எண்ணில் இரண்டு கடை இருந்தால் இரண்டையும் கூட்டுவார்கள். வரி விலக்குள்ள பால் பாக்கெட், பிரெட் விற்பனையும் வரம்பைக் கணக்கிடும்போது சேரும். வரி போடும்போதுதான் விலகும். இந்த இடத்தில்தான் பலர் இடறுகிறார்கள். விலக்குப் பெற்ற பொருள் மட்டுமே விற்கும் காய்கறிக்காரருக்கும் பூக்காரருக்கும் எவ்வளவு விற்றாலும் பதிவு தேவையில்லை.

செய்ய வேண்டியது: கடை பெயரில் நடப்புக் கணக்கு தொடங்கி, அதற்கு மட்டும் ஸ்கேனரை மாட்டுங்கள். சொந்தக் கணக்கில் ஸ்கேனர் இருந்தால் மச்சான் திருப்பித் தந்த கடனும் சீட்டுப் பணமும் விற்பனை போலத் தெரியும். பிறகு ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். இரவு கடை அடைக்கும்போது ஒரு நோட்டில் ரொக்கம் எவ்வளவு, ஸ்கேன் எவ்வளவு, அதில் வரியில்லாச் சரக்கு எவ்வளவு என்று குறித்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. வரம்பைத் தாண்டினால் 30 நாளுக்குள் பதிய வேண்டும். ஆண்டு விற்பனை 1.5 கோடிக்குள் இருப்பவர்களுக்கு, விற்பனையில் ஒரு நிலையான சதவீதத்தை வரியாகக் கட்டிவிடும் காம்போசிஷன் முறை உண்டு: சரக்கு விற்பவருக்கு 1 சதவீதம், உணவகத்துக்கு 5 சதவீதம். கணக்கு வைப்பது எளிது. ஆனால் அந்த வரியை வாடிக்கையாளரிடம் தனியாக வாங்கக் கூடாது. 25 லட்சம் விற்ற டீக்கடைக்கு 1.25 லட்சம் கைப்பணம். டீ விலையை நிர்ணயிக்கும்போதே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேனருக்கு ஆதரவாகவும் ஒரு கணக்கு உண்டு. வருமான வரியில் 2 கோடிக்குள் விற்கும் சிறு வியாபாரி, விற்பனையில் ஒரு பங்கை லாபம் என்று காட்டிவிட்டு முழுக் கணக்குப் புத்தகத்திலிருந்து தப்பிக்கலாம். ரொக்க விற்பனைக்கு அந்தப் பங்கு 8 சதவீதம், வங்கி வழி வந்ததற்கு 6 சதவீதம். 30 லட்சமும் ரொக்கம் என்றால் லாபம் 2.40 லட்சம், முழுதும் ஸ்கேன் என்றால் 1.80 லட்சம். இதை ஸ்கேனரைக் கழற்றியவர்களிடம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

கூட்டத்தில் "பேமென்ட் சக்சஸ்" என்று போனைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். ராத்திரி பார்த்தால் பணம் வரவில்லை.
*காய்கறி வியாபாரி, கோயம்பேடு*

அந்தப் பச்சை டிக்கைக் காட்டுவதற்கென்றே போலிச் செயலிகள் இருக்கின்றன. அவர் போனைப் பார்க்கவே வேண்டாம்; உங்கள் சவுண்டு பாக்ஸ் பேச வேண்டும், அல்லது உங்கள் போனில் வரவு தெரிய வேண்டும். சவுண்டு பாக்ஸுக்கு உள்ளேயே தனி சிம் இருக்கிறது. மார்க்கெட்டின் உட்பகுதியில் சிக்னல் விழுந்தால் அது ஊமையாகிவிடும், அதனால் கடை வாசல் பக்கம் தள்ளி வையுங்கள். பேட்டரியைத் தினம் இரவு ஏற்றுங்கள். காலையில் கடை திறந்ததும் வேறொரு போனால் உங்கள் ஸ்கேனரை ஸ்கேன் செய்து, உங்கள் பெயர்தான் வருகிறதா என்று பாருங்கள். மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகும் கைவரிசையும் உண்டு.

உண்மையாகவே அவர் கணக்கில் கழிந்து உங்களுக்கு வராமல் இருந்தால், 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்குச் செலுத்திய பணம் நடுவழியில் சிக்கினால், அன்றிலிருந்து ஐந்து நாளுக்குள் அவருக்குத் திரும்ப வேண்டும். தவறினால் நாளுக்கு 100 ரூபாய் வீதம் வங்கி அவருக்குத் தர வேண்டும்.

ஏடிஎம்மில் 10,000 கேட்டேன். பணம் வரவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது. மெஷின் வேறு வங்கியுடையது. யாரிடம் போவது?
*தறி ஓட்டுபவர், குமாரபாளையம்*

உங்கள் கார்டைக் கொடுத்த வங்கியிடம். மெஷின் வைத்த வங்கிக்கு நடையாய் நடந்து பலர் நாளைக் கடத்திவிடுகிறார்கள். சீட்டு வந்திருந்தால் அதில் மெஷின் எண் இருக்கும். வராவிட்டால் மெஷின் மேலேயே ஒட்டியிருப்பார்கள், போட்டோ எடுத்து வையுங்கள். நாள், நேரம், தொகையோடு எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். ஐந்து நாளுக்குள் வங்கி தானாகவே வரவு வைக்க வேண்டும். அதற்கு மேல் நாளுக்கு 100 ரூபாய், நீங்கள் கேட்காமலேயே. "பணம் வெளியே வந்ததாகப் பதிவாகியிருக்கிறது" என்று பதில் வந்தால் விடாதீர்கள். ஒவ்வொரு பரிவர்த்தனையையும் மெஷின் குறித்துவைக்கும் எலக்ட்ரானிக் ஜர்னல் பதிவையும், அன்று ரொக்கம் எண்ணியபோது மிச்சம் இருந்ததா என்ற விவரத்தையும், கேமரா பதிவையும் கேளுங்கள். கேமரா பதிவை முதல் வாரத்திலேயே கேட்பது நல்லது. பழையது அழிந்துகொண்டே போகும். 30 நாளில் தீர்வு இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே இலவசமாக மனுப் போடலாம்.

நகைக்கடையில் கார்டு என்றால் 2 சதவீதம் கூடுதல் என்கிறார்கள். நியாயமா?
*வாசகி, திருநெல்வேலி*

எந்தக் கார்டு என்பதைப் பொறுத்தது. ரூபே டெபிட் கார்டுக்குக் கடைக்காரர் வங்கிக்குத் தர வேண்டிய கட்டணம் 2020 ஜனவரி முதல் பூஜ்யம். மற்ற டெபிட் கார்டுகளுக்குப் பெரிய கடையிடம் அதிகபட்சம் 0.90 சதவீதம், அதுவும் ஒரு பரிவர்த்தனைக்கு 1,000 ரூபாய்க்கு மேல் போகாது. 3 லட்ச ரூபாய் நகைக்கு உங்களிடம் 6,000 கேட்பவர் வங்கிக்குத் தருவது ஆயிரமும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். டெபிட் கார்டுக் கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுரை. கிரெடிட் கார்டு கதை வேறு: அதற்கு உச்சவரம்பு இல்லை, 2 சதவீதத்தை ஒட்டி வரும். தங்கத்தில் லாபம் செய்கூலியில்தான் என்பதால் கடைக்காரர் முணுமுணுப்பதில் நியாயம் இருக்கிறது.

ரொக்கமாக 2 லட்சமும் அதற்கு மேலும் கடைக்காரர் வாங்கக் கூடாது. மூன்று தவணையாகப் பிரித்தாலும் ஒரே பில் என்றால் குற்றம்தான், வாங்கிய தொகை முழுதும் அவருக்கு அபராதம். நகைக்கு யூபிஐயில் 2025 செப்டம்பர் முதல் ஒரு முறைக்கு 2 லட்சம் வரை போகலாம்; உங்கள் வங்கி அதைக் குறைத்து வைத்திருக்கக் கூடும். என்னைக் கேட்டால், வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்கு நேராக அனுப்பும் ஆர்டிஜிஎஸ்: 2 லட்சத்தில் தொடங்குகிறது, எந்த நேரமும் போகும், யாருக்கும் சதவீதம் இல்லை.

மகள் கல்யாணத்துக்கு மொய்யை ஸ்கேனரில் வாங்கலாம் என்று இருக்கிறோம். வரித் தொல்லை வருமா?
*விவசாயி, பேராவூரணி*

ஸ்கேனரை மணமக்களின் கணக்கில் வையுங்கள், உங்கள் கணக்கில் வேண்டாம். திருமணப் பரிசுக்கு வருமான வரி விலக்கு மணமக்களுக்குத்தான். பெண்ணைப் பெற்றவருக்கு இல்லை. உங்கள் கணக்கில் விழுந்தால், உறவினர் அல்லாதவர்கள் தந்தது ஆண்டில் 50,000-ஐத் தாண்டும்போது முழுத் தொகையும் உங்கள் வருமானம். உறவுக்கு அந்தச் சட்டம் போடும் கணக்கும் தனி: தாய்மாமன் உறவு, மாமன் மகன் உறவில்லை. காதுகுத்து, புதுமனை புகுவிழா, உங்கள் பக்கத்து மொய்விருந்து எதற்கும் இந்த விலக்குக் கிடையாது.

ரொக்கமாக வரும் மொய்யைக் கணக்கில் போடும்போது வங்கி பான் எண் கேட்கக் கூடும். சேமிப்புக் கணக்குகளில் ஆண்டுக்கு 10 லட்சம் சேர்ந்தால் வங்கியே வரித்துறைக்குச் சொல்லிவிடும். எழுதிய மொய் நோட்டைத்தான் அப்போது காட்ட வேண்டும். எப்படியும் திருப்பிச் செய்ய அதை வைத்திருக்கத்தானே போகிறீர்கள். தேர்தல் அறிவித்த காலத்தில் கல்யாணம் என்றால், மண்டபத்திலிருந்து ரொக்கத்தைக் காரில் கொண்டுபோகும்போது பத்திரிகையும் மொய் நோட்டும் கூடவே இருக்கட்டும். 50,000-க்கு மேல் ஆவணம் இல்லாமல் இருந்தால் பறக்கும் படை நிறுத்திவைக்கும்.

பத்து ரூபாய்க் காசை யாருமே வாங்க மாட்டேன் என்கிறார்களே?
*மாணவி, விழுப்புரம்*

செல்லும். அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று 2018-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. வதந்திக்கு மட்டும் காலாவதி கிடையாது போல. வங்கிக் கிளையில் கொடுத்தால் வாங்கியே ஆக வேண்டும்.

டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த 500 ரூபாய் நோட்டுகளைக் கரையான் அரித்துவிட்டது. ஏதாவது தேறுமா?
*வாசகி, உசிலம்பட்டி*

நோட்டு நோட்டாகப் பார்க்க வேண்டும் அம்மா. 500 ரூபாய்த் தாளின் பரப்பு 99 சதுர சென்டிமீட்டர். அதில் ஒரே துண்டாக 80 மிஞ்சியிருந்தால் முழுத் தொகை, 40 முதல் 80-க்குள் இருந்தால் 250 ரூபாய், அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. பல சின்னத் துண்டுகளைக் கூட்டிக் காட்ட முடியாது. பெரிய துண்டுதான் கணக்கு. ஒரே நோட்டு சரிபாதியாகி இரண்டுமே 40-ஐத் தாண்டினால் மட்டும் முழுத் தொகை கிடைக்கும். செல்லோடேப் போட்டு ஒட்டாதீர்கள். வேறு நோட்டின் துண்டைச் சேர்த்து ஒட்டியதாகச் சந்தேகம் வந்தால் எல்லாமே தள்ளுபடி. மண்ணை மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு, ஒவ்வொன்றையும் வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து எந்த வங்கிக் கிளைக்கும் கொண்டுபோகலாம், அங்கே கணக்கு இருக்க வேண்டும் என்பதில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகவோ தொட்டால் உதிரும்படியோ ஆகிவிட்டதைக் கிளையில் வாங்க மாட்டார்கள். அதைப் பிரிக்க முயலாமல், பெட்டியோடு சென்னை ராஜாஜி சாலையிலுள்ள ரிசர்வ் வங்கிக்கு எடுத்துப் போங்கள்.