பற்றரிக்குக் காசு சேர்க்கவா, மச்சானின் வானுக்குக் கட்டவா?

கேள்வி: எனக்கு 49 வயது. யாழ்ப்பாணத்தில் அரச திணைக்களம் ஒன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். மனைவி ஆசிரியை. முதுகில் சத்திரசிகிச்சை செய்தும் நோ குறையாததால் சென்னைக்குப் போய் முள்ளந்தண்டுத் தூண்டி (மின்தூண்டலால் நோவைக் குறைக்க உடம்புக்குள் வைக்கும் பற்றரிக் கருவி) பொருத்தினேன். இரண்டு வருடமாகிறது. இப்போது இரவில் நித்திரை வருகிறது, வேலைக்கும் போகிறேன். ஆனால் பற்றரி ஐந்து வருடமளவில்தான் நிற்குமாம். பிறகு திறந்து மாற்ற இலங்கைக் காசில் 24 இலட்சம் வரும் என்றார்கள்.

பொருத்திய செலவில் பெரும்பகுதியைக் கனடாவில் இருக்கும் அண்ணா தந்தார். மிச்சத்துக்கு மனைவியின் நகையை 12 இலட்சத்துக்கு அடைவு வைத்தோம். போன வருடம் திருப்பி வைக்கும்போது பவுண் விலை ஏறியிருந்தது, அதனால் 18 இலட்சமாகக் கூட்டி எடுத்தோம். வட்டி வருடத்துக்கு 15 வீதம். சென்னையில் என்னோடு ஆஸ்பத்திரியில் நின்ற மச்சானின் வானுக்கு லீசிங் தவணை மாதம் 38,000 ரூபா. 11 மாதமாக நான்தான் கட்டுகிறேன், இன்னும் 37 தவணை இருக்கிறது. பிணையும் நான்தான். சம்பளத்தில் மிஞ்சும் 25,000 ரூபா, கந்தோரில் 12 பேர் பிடிக்கும் சீட்டுக்குப் போகிறது. கடைசி முறை என்னுடையது, அடுத்த மாதம் எடுப்பேன். அடைவுத் தவணையும் அடுத்த மாதம்தான். கூட வேலை செய்பவர் ஒருவர் ஒன்லைன் டொலர் வர்த்தகத்தில் மாதம் 8 வீதம் எடுக்கிறாராம். நகையில் இன்னும் கொஞ்சம் கூட்டி எடுத்து அதில் போட்டால் பற்றரிக்குக் காசு சேராதா?
— கோண்டாவில் வாசகர்

பதில்: நோ தாங்கிக்கொண்டு கணக்கெல்லாம் ஒழுங்காக எழுதி அனுப்பியிருக்கிறீர்கள், ஆனால் அதைக் கூட்டிப் பார்க்கவில்லை. போன வருடம் கூட்டி எடுத்த 6 இலட்சம் எங்கே போனது? 12 இலட்சத்துக்கு ஒரு வருட வட்டி 180,000. வானுக்கு 11 தவணை, 418,000. இரண்டும் சேர 598,000. ஆக, அந்த 6 இலட்சத்தில் ஒரு சதம்கூட உங்கள் முதுகுக்குப் போகவில்லை. பழைய வட்டியையும் நகையே கட்டியிருக்கிறது, மச்சானின் வானையும் நகையே ஓட்டியிருக்கிறது. வீட்டில் காசு குறையாததால் உங்களுக்கு அது தெரியவில்லை.

இதே பழக்கம் தொடர்ந்தால் என்னவாகும்? அடுத்த மாதம் வட்டி 270,000, வானுக்கு ஒரு வருடம் 456,000. 18 இலட்சம் 25 இலட்சத்தைத் தாண்டும். அடுத்த வருடம் 33, அதற்கடுத்த வருடம் 43 இலட்சம். பற்றரி ஓயும் நேரமும் அப்போது நெருங்கிவிடும். மேலே 24 இலட்சம் தேவை. அதற்கு முன்பே, கையில் இருக்கும் நகைக்கு இவ்வளவு தர முடியாது என்று அடைவு பிடிப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். பவுண் விலை இறங்கினால் கதை ஏலத்தில் முடியும். விலை ஏறியதை வருமானம் என்று நினைப்பதுதான் இங்கே பிடித்திருக்கும் வியாதி. யாழ்ப்பாணத்தில் உங்கள் வீட்டில் மட்டுமல்ல, பல வீடுகளில் இந்தப் பிழை நடக்கிறது.

இன்னொன்று. கடிதத்தில் மனைவியின் நகை என்கிறீர்கள், ஆனால் மனைவி என்ன சொல்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. அது சீதன நகை என்றால், யாழ்ப்பாணத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டப்படி அவருடைய தனிச் சொத்து. கீழே சொல்வதை முதலில் அவரோடு இருந்து வாசியுங்கள்.

அடுத்த மாதம் சீட்டில் வரும் 3 இலட்சத்தில் வட்டி 270,000 ரூபாவைக் கையால் கட்டுங்கள். ஒரு ரூபாகூடக் கூட்டி எடுக்க வேண்டாம். மிஞ்சும் 30,000 ரூபாவை மச்சானுக்குக் கொடுக்க விரும்பினால் கொடுங்கள், நன்றியாக. அத்தோடு தவணை கட்டுவதை நிற்பாட்ட வேண்டும். பேசாமல் நிற்பாட்டவும் முடியாது. பிணை நின்றதால் லீசிங் கம்பனி உங்களைத்தான் தேடி வரும், கடன் தகவல் பணியகத்தின் கிறிப் அறிக்கையிலும் உங்கள் பெயர் கெடும். மச்சானையும் கூட்டிக்கொண்டு கம்பனிக்குப் போங்கள். வான் ஓடி உழைக்கிறதென்றால் தவணையை அவர் கட்டட்டும், தொகை கூடவென்றால் காலத்தை நீட்டித் தரச் சொல்லிக் கேட்கட்டும். உழைக்கவில்லை என்றால் விற்று லீசிங்கை முடிப்பதுதான் வழி. மிச்சம் 37 தவணை என்றால் 1,406,000 ரூபா. ஆஸ்பத்திரியில் பக்கத்தில் நின்றதற்கு இவ்வளவு பெரிய விலை எந்த மச்சானும் கேட்கக் கூடாது. அவர் கேட்டாரோ, நீங்களாகவே கொடுக்கத் தொடங்கினீர்களோ, அதுவும் எனக்குச் சந்தேகம்தான்.

அடுத்தது கசப்பானது. நகையில் ஒரு பகுதியை விற்றுக் கடனை முடித்து, மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். எத்தனை பவுண் விற்க வேண்டிவரும் என்பது அன்றைய விலையைப் பொறுத்தது. 18 இலட்சத்தைச் சம்பளத்தால் மீட்கலாம் என்று கனவு காண வேண்டாம். மாதம் 22,500 வட்டிக்கே போய்விடும், உங்களிடம் மிஞ்சுவது 25,000. கடன் முடிந்தால் அந்த 25,000 முழுதாக உங்களுக்கு. மூன்று வருடத்தில் 9 இலட்சம். நிலையான வைப்பில் போட்டால் வட்டியும் வரும் (அதில் 10 வீதம் வரி பிடிப்பார்கள், பரவாயில்லை). பற்றரி ஓயும்போது 9 இலட்சம் கையிலும், அடைவில் இல்லாத நகை பெட்டியிலும் இருக்கும். குறையும் 15 இலட்சத்தில் அந்த நகை ஒரு பங்கைத் தாங்கும், அண்ணாவிடம் கேட்பதும் சின்னத் தொகையாகும்.

டொலர் வர்த்தகம் பற்றி அதிகம் எழுத மனமில்லை. மாதம் 8 வீதம் என்றால் ஒரு இலட்சம் வருட முடிவில் இரண்டரை இலட்சம். அப்படி உண்மையில் வருகிறதென்றால் அவர் ஏன் இன்னும் உங்களோடு அதே கந்தோரில் கையொப்பம் போடுகிறார்? ஆளைச் சேர்த்தால் மேலதிகக் காசு என்றும் சொன்னாரென்றால் அது பிரமிட் திட்டம். வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி குற்றம். பிறரைச் சேர்த்துவிடுபவரும் மாட்டுவார்.

தூண்டியைப் பற்றி நான் காசுக்காரன் பார்வையில்தான் சொல்ல முடியும். பொருத்த முதல் கம்பியை மட்டும் வைத்து, கருவியை வெளியே மாட்டி, சில நாள் பரீட்சித்துப் பார்த்திருப்பார்கள். நோ பாதியாவது குறைந்தால்தான் உள்ளே வைப்பது வழக்கம். பற்றரி மாற்ற முதலும் அதே கேள்வியைக் கேளுங்கள். சிலருக்குக் காலம் போகப் போகப் பலன் மங்குகிறது. நாட்பட்ட முதுகு நோவில் இதன் நீண்டகாலப் பலனுக்கு வலுவான ஆதாரம் இல்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் கொக்ரேன் அமைப்பின் 2023 மீளாய்வும் சொன்னது. உங்களுக்கு இப்போது நித்திரை வருகிறதென்றால் சந்தோஷம். ஆனாலும் இன்றிலிருந்து நோவுக்கு பத்துக்கு எத்தனை என்று கிழமைக்கொருதரம் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். 24 இலட்சம் கட்டுவதா என்பதை அந்தக் கொப்பியைப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.

மாற்றும்போது சார்ஜ் செய்யும் வகையின் விலையையும் கேளுங்கள். விலை கூட, ஆனால் பத்து வருடமளவில் நிற்கும். 24 இலட்சத்தை ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 40,000. சார்ஜ் வகை 32 இலட்சம் என்று சொன்னாலும் பத்து வருடத்துக்குப் பிரித்தால் 26,000 சொச்சம், ஒரு சத்திரசிகிச்சையும் மிச்சம். அடிக்கடி பட்டியைக் கட்டிக்கொண்டு இருந்து சார்ஜ் போடும் பொறுமை உங்களுக்கு உண்டா என்பதுதான் கேள்வி. 2022இல் மின்வெட்டோடு பட்ட பாட்டை நினைத்து அதற்கும் ஒரு வழி யோசித்து வையுங்கள்.

மருத்துவ உதவி தரும் ஜனாதிபதி நிதியத்துக்கு 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். அரச ஊழியருக்கான அக்ரஹார காப்புறுதியில் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதைத் திணைக்களத்தில் விசாரியுங்கள். ஆனால் கைக்கு வரும்வரை இரண்டையும் வரவுக் கணக்கில் எழுதிவிட வேண்டாம். புதிதாகக் காப்புறுதி எடுக்கச் சொல்லி வரும் முகவரிடம், ஏற்கெனவே இருக்கும் முதுகு வருத்தத்துக்குக் கட்டுவீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் திரும்பி வரமாட்டார்.

பற்றரி எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பது கருவியின் செற்றிங்கைப் பொறுத்தது. விசையைக் கூட்டி வைத்திருந்தால் சீக்கிரம் முடியும். அடுத்தமுறை செற்றிங் பார்க்கப் பலாலி விமான நிலையத்தால் சென்னைக்குப் போகும்போது, இதே செற்றிங்கில் இன்னும் எத்தனை மாதம் நிற்கும், குறைத்து வைத்தால் எத்தனை மாதம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஐந்து வருடம் என்றது நான்காகிவிட்டால் உங்கள் சேமிப்பு 9 இலட்சம் அல்ல, 6 இலட்சம்தான். அப்படியென்றால் அண்ணாவோடு இந்த வருடமே கதைக்க வேண்டும்.