கிலாவேயா: உச்சிக்கடியில் இருந்த மாக்மா 40 கிலோமீட்டர் தள்ளி வெளிவந்தது எப்படி?

வணக்கம். பள்ளிக் கண்காட்சிக்காக நீங்கள் வரைந்த ஹவாய் கிலாவேயா எரிமலைப் படத்தில், உச்சிக்குக் கீழே ஒரே குகையும் நேராக மேலெழும் ஒரே குழாயும் இருப்பதாகவும், 2018-இல் லாவா உச்சியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி லெய்லானி எஸ்டேட்ஸ் குடியிருப்பில் வெளிவந்தது இப்படத்தோடு பொருந்தவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். முதலில் திருத்த வேண்டியது அந்தக் குகையைத்தான்.

மாக்மா, அதாவது நிலத்தடியில் இருக்கும் எரிமலைக் குழம்பு (வெளியே வந்தால் அதுவே லாவா), பொதுவாகப் பெரிய வெற்றறையில் ஏரி போலத் தேங்கியிருப்பதில்லை. படிகங்களுக்கிடையே உருகிய பாறை ஊறிய கெட்டிச் சேறாகவே அதில் பெரும்பகுதி கிடக்கிறது, உருகிய பங்கு போதிய அளவு திரண்ட இடங்களிலிருந்தே எளிதில் நகர்கிறது. கிலாவேயாவின் உச்சிக்கடியில் 1 முதல் 2 கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு சேமிப்பிடமும், 3 முதல் 5 கிலோமீட்டர் ஆழத்தில் அதைவிடப் பெரிய இன்னொன்றும் உள்ளன. இவற்றோடு இணைந்த கிழக்குப் பிளவு மண்டலம், அதாவது எரிமலையின் பக்கத்தில் பாறை விரிசல் விட்டிருக்கும் நீண்ட பட்டை, பக்கவாட்டில் கடல்வரை நீள்கிறது.

2018 ஏப்ரல் 30 அன்று அம்மண்டலத்திலிருந்த புஊ ஓஓ என்னும் எரிமலைவாய்ப் பள்ளத்தின் தளம் சரிந்தது. மாக்மா பாறையைப் பிளந்தபடி கிழக்கே செல்ல, சிறு நிலநடுக்கங்களும் அதனுடன் நகர்ந்தன. மே 3 அன்று குடியிருப்பில் நிலம் பிளந்தது. உச்சிக்கடியிலிருந்த மாக்மா இப்படிக் கிழக்கே வெளியேறியதால் உச்சியின் லாவா ஏரி வடிந்து, தாங்குதல் இழந்த எரிமலைவாய்த் தரை பல வாரங்களாகப் படிப்படியாக இடிந்து இறங்கியது. இன்னொன்று (எனக்கு இதுவே மிகச் சுவையானது): முதலில் வந்த லாவா, பிளவு மண்டலத்திலேயே பல பத்தாண்டுகள் தங்கி ஆறிய பழைய மாக்மா, சூடான புதியது அதன் பின்னரே வந்தது.

ஆகவே பிளவு மண்டலத்திலும் சிறு தேக்கங்களை வரையுங்கள். படத்தை உச்சியிலிருந்து கிழக்காக நீளவாக்கில் வெட்டிக் காட்டுங்கள், குறுக்குவெட்டில் இந்தப் பாதை தெரியாது.