தரகர் கேட்கும் "வேகப்பணம்": கொடுக்கலாமா?

வணக்கம். உரிமக் கோப்பு நான்கு மாதமாக நகரவில்லை, தரகர் "கொஞ்சம் கவனித்தால் ஒரே வாரம்" என்கிறார், அமெரிக்கப் பங்காளி கொடுக்கலாம் என்கிறார், பிரிட்டன் பங்காளி கூடவே கூடாது என்கிறார் என எழுதியிருந்தீர்கள்.

இருவருமே அவரவர் ஊர்ச் சட்டத்தைத்தான் பேசுகிறார்கள். 1977-இல் வந்த அமெரிக்காவின் வெளிநாட்டு லஞ்சத் தடைச் சட்டம், வழக்கமான அரசுப் பணியை விரைவுபடுத்தத் தரும் தொகைக்கு விலக்கு தருகிறது. பிரிட்டனின் 2010 லஞ்சச் சட்டத்தில் அந்தச் சலுகை இல்லை. நிறுவனத்துக்காக வேலை செய்பவர் கொடுத்தாலும், அதைத் தடுக்கத் தவறியதாக நிறுவனமே மாட்டும். ஆகவே "தரகர்தானே கொடுத்தார், எனக்கென்ன" என்ற சமாதானம் எடுபடாது. அமெரிக்க விலக்கை நம்பியும் பயனில்லை. தொழில் நடக்கும் நாட்டில் அப்படிப் பணம் கொடுப்பது பெரும்பாலும் குற்றமே.

என்னைக் கேட்டால், முதலில் தரகரைச் சந்தேகப்படுங்கள். பணம் கேட்கப்படுவதே அதிகாரிக்குத் தெரியாமல் இருக்கலாம். என் கோப்பு ஒன்று கிடந்ததற்குக் காரணம் விடுபட்ட ஒரு கையெழுத்து. அதைச் சொல்லாமலே தரகர் விலை பேசிக்கொண்டிருந்தார்!

நேரில் போய்க் கெஞ்ச வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டம் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. "ஏன் தாமதம்" என்று கேட்டால் மழுப்பல்தான் வரும். கோப்பு எந்தத் தேதியிலிருந்து யார் மேசையில் இருக்கிறது, விதிப்படி எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். பெயரும் தேதியும் பதிவாகிவிட்டால் கோப்பைச் சும்மா வைத்திருப்பது யாருக்கும் சங்கடம்.

பதில் வந்ததும் போடுங்கள், மேல்முறையீட்டை எப்படி எழுதுவதென்று பார்க்கலாம்.