ஒன்றின் மேல் ஒன்று ஏறும் சொற்கள்: ஸ்கிரிப்ட் கேள்வி-பதில்

பாலக்கோட்டிலிருந்து: ‘சலசலசல’வில் ‘சலசல’வைத் தேடினால் பைத்தான் நிரல்மொழியின் ஃபைண்ட்ஆல் கட்டளை ஒன்றுதான் என்கிறது. எனக்கு இரண்டு தெரிகிறதே?

ஒகேனக்கல் இருக்கிற மாவட்டத்துக்காரர், சலசலப்பில் தப்பு செய்வீர்களா! இரண்டுதான். ஃபைண்ட்ஆல் ஒரு பொருத்தம் கிடைத்ததும் அது முடிந்த இடத்திலிருந்துதான் அடுத்ததைத் தேடும், அங்கே மிச்சம் ஒரே ஒரு ‘சல’. ஃபைண்டை லூப்பில் போட்டு, கிடைத்த இடத்தோடு 1 மட்டும் கூட்டி மறுபடி தேடுங்கள். 0, 2 என இரண்டும் வரும் (கணினி இடங்களை 0-இலிருந்து எண்ணும்). ஒரே வரியில் வேண்டுமா, (?=(சலசல)) என்று லுக்அஹெட் போடுங்கள். அது எட்டிப் பார்க்கும், எழுத்தை விழுங்காது.

காவேரிப்பட்டணத்திலிருந்து: லோடு பட்டியலில் ‘மாங்கூழ்’, ‘கூழ்’ இரண்டுக்கும் மஞ்சள் அடித்தால் டேக் (நிறம் தொடங்கும், முடியும் இடத்தைச் சொல்லும் குறி) எல்லாம் சிக்கிக்கொள்கிறது.

கிடைக்கக் கிடைக்க டேக் போடுகிறீர்கள், அதுதான் வினை. முதல் டேக்கை நுழைத்ததுமே அதற்குப் பின்னால் இருக்கிற இடமெல்லாம் நகர்ந்துவிடும். நானே ஒரு மண்டியின் பில் பட்டியலை இப்படிக் குதறிவிட்டு, பேக்கப்பும் இல்லாமல், ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். சரி, மூலத்தைத் தொடாமல் முதலில் தொடக்கம், முடிவு எண்களை மட்டும் திரட்டுங்கள்: மாங்கூழ் 0-8, கூழ் 4-8 (மா, ங், கூ, ழ் ஒவ்வொன்றும் கணினிக்கு இரண்டு குறியீடு). தொடக்கப்படி அடுக்கி, ஒன்று முடிவதற்குள் இன்னொன்று தொடங்கினால் இரண்டையும் ஒரே துண்டாக்குங்கள். அப்புறம் கடைசித் துண்டில் ஆரம்பித்து முதல் துண்டை நோக்கி டேக் போட்டு வந்தால் எந்த எண்ணும் அசையாது. சொற்கள் ஏறிய இடம் மட்டும் அடர்த்தியாகத் தெரிய வேண்டுமென்றால் ஒன்றாக்காதீர்கள்; தொடக்கத்தில் +1, முடிவில் -1 வைத்து இடமிருந்து கூட்டிக்கொண்டே போய், தொகை மாறும் இடத்திலெல்லாம் பழைய டேக்கை மூடிப் புதியதைத் திறங்கள்.

ஓசூரிலிருந்து: ‘கிர’ தேடினால் கிருஷ்ணகிரிக்குள் புள்ளிவட்டம் முளைக்கிறது!

நமக்குத்தான் கிருஷ்ணகிரி 6 எழுத்து, கணினிக்கு 11 குறியீடு. ‘ரு’ என்பது அதற்கு ர, பின்னால் ஒரு உகரக் குறி. நீங்கள் ர-வோடு டேக்கை மூடியதால் அந்தக் குறி அநாதையாக, புள்ளிவட்டத்தோடு வெளியே தொங்குகிறது. கடைசி ‘ரி’-யிலும் இதே கதைதான். பொருத்தத்துக்கு அடுத்து உயிர்க்குறியோ மெய்ப்புள்ளியோ வந்தால் அந்தப் பொருத்தத்தையே விட்டுவிடுங்கள். முடிவை ஒன்று தள்ளி முழு எழுத்தையும் சேர்ப்பவர்களும் உண்டு, எனக்கு அது பிடிப்பதில்லை, தேடாத எழுத்துக்கு எதற்கு மஞ்சள்?

அரூரிலிருந்து: 300 பெயர்களை ஒரே லுக்அஹெட்டில் | (‘அல்லது’ குறி) போட்டு வைத்தேன், சில விடுபடுகின்றன.

‘அரூர்’, ‘அரூர் வட்டம்’ இரண்டும் ஒரே இடத்தில் தொடங்கினால் முதலில் எழுதியது மட்டுமே வரும். தனித்தனியாகத் தேடுங்கள், 300 பெயர் பெரிய பாரமில்லை. லட்சக்கணக்கில் போனால் 1975-இல் ஆஹோ, கொராசிக் என்ற இரண்டு கணினி அறிஞர்கள் வெளியிட்ட அல்காரிதம் இருக்கிறது, பைத்தானில் நூலகமாகவே கிடைக்கிறது. உரையை ஒரே தடவை படித்து, ஏறியது, உள்ளே ஒளிந்தது எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிடும்.