சிசேரியனுக்குப் போட்ட கையெழுத்து கருத்தடைக்கும் சேருமா?

மன்னார்குடிப் பக்கத்து கிராமத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எனக்கு 25 வயது. முதல் குழந்தை சிசேரியன். இப்போது எட்டாவது மாதம். 'வயிற்றைத் திறக்கும்போதே குடும்பக் கட்டுப்பாடும் பண்ணிடலாம்' என்கிறார் நர்ஸம்மா. மறுத்தால் மகப்பேறு பணம் வராது என்கிறார்கள். கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். என்ன செய்வது?"

முதலில் பயத்தை விடுங்கள். நீங்கள் மறுத்தாலும் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்தே ஆக வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி இரண்டாவது பிரசவத்துக்கும் உண்டு. அதற்கு ஆபரேஷன் நிபந்தனை அல்ல.

கவனம் வேண்டியது கையெழுத்தில்தான். சிசேரியனுக்கு நீங்கள் தரும் சம்மதம் சிசேரியனுக்கு மட்டும். ஒரு சிகிச்சைக்கு வாங்கிய சம்மதத்தைக் காட்டி, உயிருக்கு ஆபத்தில்லாதபோது இன்னொன்றைச் செய்யக் கூடாது என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கருத்தடைக்குத் தனிப் படிவம் உண்டு. அது நிரந்தரம் என்பதையும் மற்ற வழிகளையும் உங்களுக்குப் புரியும்படி சொன்ன பிறகே அதில் கையெழுத்து வாங்க வேண்டும். தியேட்டர் வாசலில், வலியில் துடிக்கும்போது நீட்டுகிற தாளை யார் படித்துப் பார்க்கிறார்கள்? அதனால் அடுத்த செக்கப்பிலேயே, "கருத்தடை ஆபரேஷன் வேண்டாம், என்னைக் கேட்காமல் காப்பர் டி போட வேண்டாம்" என்று டாக்டரிடம் சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். கூட வரும் அம்மாவிடமும் மாமியாரிடமும் இப்போதே சொல்லிவையுங்கள். பதற்றத்தில் அவர்கள் போடுகிற கையெழுத்து உங்கள் சம்மதம் ஆகாது. நாளைக்கு நீங்களே ஆபரேஷன் வேண்டும் என்று முடிவெடுத்தால், அதற்குக் கணவர் கையெழுத்தும் தேவையில்லை.

இன்னொரு சிசேரியன் ஆபத்து என்று டாக்டர் சொன்னால், காரணத்தைப் பொறுமையாகக் கேளுங்கள். அது நல்ல ஆலோசனையாகவே இருக்கலாம். அப்போதும் அவசரப்பட வேண்டியதில்லை. கணவர் லீவில் வரும்போது அவர் வாசக்டமி, அதாவது ஆண்களுக்கான கருத்தடை, செய்துகொள்ளலாம். பெண்ணுக்குச் செய்வதைவிட அது எளிய சிகிச்சை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 58 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்தவர்கள். ஆண்கள் பக்கம் ஒரு சதவீதம்கூட இல்லை. இது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நிரந்தரம் என்றால் என்ன என்பது நாகப்பட்டினம் கடற்கரைக்குத் தெரியும். 2004 சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களில் பலர் ஏற்கெனவே கருத்தடை செய்திருந்தார்கள். கருக்குழாயை மறுபடி இணைக்க அரசே ஏற்பாடு செய்தது. எல்லோருக்கும் அது கைகூடவில்லை.

இத்தனை பேருக்கு ஆபரேஷன் என்று இலக்கு வைக்கும் முறையை மத்திய அரசு 1996-லேயே கைவிட்டது. தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றமும் இலக்கு கூடாது என்றது. ஆனால் பழக்கம் போகவில்லை. இன்னொரு பக்கம், அதே நாகப்பட்டினத்தில் 2025 மார்ச்சில் நடந்த திருமணத்தில், உடனே குழந்தை பெற்றுக்கொள்ளுங்கள் என்று முதலமைச்சர் ஸ்டாலின் கேட்டுக்கொண்டார். மக்கள்தொகையை வைத்து நாடாளுமன்றத் தொகுதிகளை மறுவரையறை செய்தால் நம் பங்கு குறையும் என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் நிறுத்து என்றாலும் பெறு என்றாலும், முடிவு உங்களுடையது.

டிஸ்சார்ஜ் சீட்டில் என்னென்ன செய்தார்கள் என்று படித்துப் பாருங்கள். கேட்காமல் ஏதாவது செய்திருந்தால், நலப்பணிகள் இணை இயக்குநருக்கு எழுத்தில் புகார் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போவதானால் ஓராண்டுக்குள் போக வேண்டும். திருவாரூர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு வக்கீல் இலவசம்.