பொரிச்ச எண்ணெய்ல ஓடுற லொறிக்கு டீசல் பில்டர் எத்தின கிலோமீட்டர் தாங்கும்?

மரக்கறி எண்ணெய் கலந்து ஓடுற டீசல் லொறிக்கு பில்டர் எவ்வளவு தூரம் வரும், ஏன் அடிக்கடி அடைக்குது, கழட்டிக் கழுவித் திருப்பிப் போடலாமா எண்டு கேட்டிருக்கீங்க. கிலோமீட்டர்ல ஒரே பதில் சொல்ல ஏலா. எங்கட கேன்டர்ல, அதே லொறியில, அதே சாதி பில்டர் 380 கிலோமீட்டர்ல செத்தும் இருக்கு, 4,000 தாண்டி ஓடியும் இருக்கு. வெறும் டீசல் அடிச்ச காலத்தில 10,000க்கு ஒருக்கா மாத்துவம், அதுவும் மாத்தணுமே எண்டு மாத்துறதுதான், அடைச்சு மாத்தினது இல்ல.

நாங்க ஏன் இந்த வேலைக்குப் போனம் எண்டா 2022, இலங்கையில எரிபொருள் தட்டுப்பாடு வந்த வருசம். யூன் கடைசியில டீசல் லீட்டர் 460 ரூபா, காசைக் கையில வச்சிருந்தாலும் பெற்றோல் செட்டில டீசல் இல்ல, லொறிய லைன்ல விட்டுப்போட்டு அதுக்குள்ளயே படுத்து எழும்பின நாங்க. கியூஆர் காட்டி அளவா அடிக்கிற முறை வந்த பிறகும் கிழமைக்குக் கிடைக்கிற கோட்டா பதுளைக்கு ஒருக்காப் போய் வந்தா முடிஞ்சுது. எங்கட ஓட்டம் செங்கலடிப் பக்கத்து மில்லுகளில அரிசி ஏத்திக்கொண்டு மகாஓயா, பிபிலை, லுணுகலை எண்டு மலைப்பக்கம் மேல போறது, வரக்கொள்ள கரட், கோவா, லீக்ஸ் ஏத்திக்கொண்டு இறங்குறது. மச்சான்தான் இந்த யோசனையக் கொண்டு வந்தது. ரவுணுக்குள்ள ரெண்டு சாப்பாட்டுக் கடை, ஒரு மிக்சர் போடுற வீடு, மூணு இடத்திலயும் பொரிச்சு முடிஞ்ச எண்ணெய கலன் கலனா எடுத்து, பழைய பனியன் துணியால வடிச்சு, டீசலோட பாதிக்குப் பாதி கலந்து ஊத்தினம். கேட்டா, டீசல் எஞ்சினே முதல்ல கச்சான் (நிலக்கடலை) எண்ணெய்லதானே ஓடினது எண்டு சொல்லுவான். 1900ல பாரிஸ் கண்காட்சியில ஒரு டீசல் எஞ்சின கச்சான் எண்ணெய்ல ஓட்டிக் காட்டினது உண்மைதான், ஆனா அந்த எஞ்சின் ஒரு இடத்தில நிண்டு ஓடினது, அரிசி மூட்டையோட லுணுகலை ஏத்தம் ஏறல்ல.

கீழ மட்டும் நல்லா ஓடிச்சு. மகாஓயா தாண்டி பிபிலை வரைக்கும் ஒரு குறையும் இல்ல, பின்னால வடை சுடுற மணம் வருது, அவ்வளவுதான். விடியச்சாமம் ஏத்தம் ஏறத் தொடங்கினதும் மூணாம் கியர் இழுக்கல்ல, ரெண்டுக்குப் போட்டும் முக்குது, ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சாலும் ரேஸ் கூடல்ல, ஒரு வளைவில அப்பிடியே நிண்டுட்டு. பில்டரக் கழட்டிப் பாத்தா உள்ளுக்குள்ள வெள்ளையா கிரீஸ் மாதிரி அப்பியிருக்கு. நாங்க அதை ஊத்தையெண்டு நினைச்சம். ஊத்தையில்ல, கொழுப்பு. ரெண்டு மணித்தியாலம் கழிச்சு வெயில் ஏறினதும், அதே பில்டரத் திருப்பிப் போட்டு எயார் எடுத்தா (பைப்புக்குள்ள நிண்ட காத்த வெளிய விட்டா) லொறி ஸ்டார்ட் ஆகி ஓடிட்டு!

அண்டைக்குத்தான் எனக்கு விசயம் விளங்கினது. தேங்காயெண்ணெய் 24 டிகிரியில கட்டிப்படும், மார்கழியில விடிய எழும்பினா போத்திலுக்குள்ள உறைஞ்சு கிடக்கிறத நம்ம வீட்டிலயே காணலாம். கடைக்காரர் பாவிக்கிற பாம் ஒயில் பெரிய குளிர் இல்லாட்டியும் அடியில வெள்ளையா மண்டி விடும், அதுக்குள்ள கோழியும் இறைச்சியும் பொரிச்சிருந்தா மிருகக் கொழுப்பும் சேந்துட்டு. கரையோரத்தில இருக்கிற நமக்கு இது பெரிசா தெரியாது, மேல 600, 700 மீட்டர் ஏறினா விடியச்சாமக் குளிரில எண்ணெய் வேற சாமானா மாறிடும். உறையாட்டியும் பிரச்சினைதான், 40 டிகிரியிலயே மரக்கறி எண்ணெய் டீசல விட கிட்டத்தட்ட 10 மடங்கு தடிப்பு. பில்டர் கடதாசியில இருக்கிற ஓட்டை 10 மைக்ரோன் (மில்லிமீட்டர்ல நூறில ஒரு பங்கு), அதுக்கும் சின்னன், அதுக்குள்ளால இந்தத் தடிச்ச எண்ணெய் போகணுமெண்டா புதுப் பில்டரே அடைச்ச பில்டர் மாதிரித்தான் நடந்துகொள்ளும். காலைல அடைச்சது எண்டு நீங்க எறியிற பில்டர் மத்தியானம் நல்ல பில்டரா இருக்கக் கூடும். கச்சான் காத்து வீசுற வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில எங்களுக்கு வந்த தூரமும், வாடை தொடங்கின பிறகு வந்த தூரமும் ஒண்டுக்கொண்டு சம்பந்தமே இல்ல.

அதனால மாத்தினதும் பில்டர எறியாதீங்க. வெட்டிப் பாருங்க, இல்லாட்டி ஒரு வாளி சுடுதண்ணிக்குள்ள போடுங்க. எங்கட பாஸ் (கல்லடியில கராச் வச்சிருக்கிறவர், 30 வருசமா லொறி பாக்கிறவர்) காட்டித் தந்த முறை இது. சுடுதண்ணியில எண்ணெய் உருகி மிதந்து கடதாசி வெள்ளையா வந்தா அது குளிர்ல உறைஞ்ச கொழுப்பு மட்டும்தான், அதுக்கு சூடு காட்டுறதுதான் மருந்து, இன்னும் நல்லா வடிக்கிறதால ஒரு பிரயோசனமும் இல்ல. கறுப்பா சேறு மாதிரி நிண்டா அது உங்கட டாங்கிக்குள்ள வருசக்கணக்கா ஒட்டிக் கிடந்த டீசல் ஊத்தை, புது எண்ணெய் அதைக் கழுவிக் கொண்டு வருது, எண்ணெய இரசாயன முறையில மாத்திச் செஞ்ச பயோடீசல் எண்டா இந்தக் கழுவல் இன்னும் பலமா நடக்கும். அப்பிடியெண்டா முதல் ரெண்டு மூணு பில்டர் கெதியா போகும், பயப்படத் தேவையில்ல, மறுகா குறையும், பொறுமையில்லாட்டி டாங்கிய இறக்கிக் கழுவுங்க. பழந்தயிர் மாதிரி மஞ்சளா குழைஞ்சு கிடந்தா தண்ணி. இதுதான் ஆகப் பொல்லாத சாதி, தண்ணி நிண்டா அதுக்கும் எண்ணெய்க்கும் நடுவில கிருமி வளந்து சளி மாதிரிப் படரும், பம்புக்குள்ள போனா துருப்பிடிக்கும். கடைசிச் சாதி, கடதாசி மேல மண்ணிறமா வார்னிஷ் பூசின மாதிரி, நகத்தால சுரண்டினாலும் வராது. பொரிக்கிற தாச்சியின்ட வெளிப்பக்கத்தில பிசின் மாதிரிப் பிடிச்சுக் கிடக்குமே, அதேதான், எண்ணெய் காத்தோடயும் சூட்டோடயும் சேந்து இறுகிப் போறது.

அந்த வார்னிஷ நாங்களே காசு குடுத்து வாங்கினம் எண்டு சொல்லலாம். எண்ணெய சூடாக்கணும் எண்டு தெரிஞ்சதும், பிரிட்ஜ் திருத்துற இடத்தில செம்புக் குழாய் வாங்கி சுருளாச் சுத்தி, ரேடியேட்டர் சுடுதண்ணி ஓடுற மாதிரி டாங்கிக்குள்ள இறக்கினம். வடிவாத்தான் வேலை செஞ்சுது. ரெண்டு மாதத்தில எண்ணெய் தடிச்சு, குழாயில களிம்பு, பில்டரெல்லாம் மண்ணிறம். செம்பும் பித்தளையும் எண்ணெய இறுக வைக்கிறத வேகப்படுத்தும் எண்டு பாஸ் சொல்லித்தான் தெரியும், நாகம் (சிங்க்) பூசின தகரமும் அப்பிடித்தானாம். இப்ப ஸ்டெயின்லெஸ் குழாய், அதுவும் டாங்கிக்குள்ள இல்ல, பில்டரச் சுத்தி. டாங்கி முழுக்க சூடாக்குறத விட பில்டருக்குப் போற இடத்தில 60, 70 டிகிரி வந்தாப் போதும்.

தண்ணிக்கு எங்கட மாமிதான் எஞ்சினியர். ஒரு நாள் நான் கொண்டு வந்த கலனப் பாத்துட்டு, ஒரு கரண்டி எண்ணெய அடுப்பில சூடேறின தாச்சியில மாமி ஊத்தினா, சட சட எண்டு வெடிக்குது. "இதுக்குள்ள தண்ணி கிடக்கு மனே, இத ஊத்தினா உங்கட லொறியும் இப்பிடித்தான் வெடிக்கும்" எண்டு சொன்னா. லொறி வெடிக்காது, ஆனா சோதனை சரியான சோதனை, இண்டைக்கும் அதைத்தான் செய்யிறம். பெரிய பரல்ல ஊத்தி வெயில்ல ரெண்டு மூணு கிழமை அசைக்காம வச்சு, மேலால மட்டும் எடுக்கிறது, அடியில காப்பங்கு அப்பிடியே விடுறது. மறுகா தடிச்ச ஜீன்ஸ் துணி, அதுக்குப் பிறகு 5 மைக்ரோன் பை. மாரி மழைக்கு பரல் மூடிய இறுக்க மறந்தீங்க எண்டா மூணு கிழமையும் வீண், எங்களுக்கு ஒருக்கா நடந்தது. அவசரத்துக்கு அடுப்பில வச்சு தண்ணிய வத்தப் பண்றதும் வேணாம், 100 டிகிரி தாண்டினதும் அடியில கிடக்கிற தண்ணி பொங்கி எண்ணெயோட வெளிய பாயும்.

லொறி இழுக்காட்டி எல்லாரும் முதல்ல எயார் எண்டுதான் சொல்லுவாங்க. ரெண்டும் ஒண்டுக்குள்ள ஒண்டு. எங்கட கேன்டர்ல தண்ணி பிரிக்கிற பில்டர் ஃபீட் பம்புக்கு (டாங்கியில இருந்து டீசல உறிஞ்சுற பம்பு) முன்னால, பெரிய பில்டர் பம்புக்குப் பின்னால. முன்னால இருக்கிறது அடைச்சா பம்பு வெறியோட உறிஞ்சும், டீசல் ஒழுகாத ஹோஸ் மூட்டிலயும் வொஷரிலயும் கூட காத்து உள்ள போகும், நீங்க எயார் எடுத்து எடுத்துக் களைப்பீங்க. கையால அடிக்கிற பம்ப அமத்திப் பாருங்க, மேல இழுக்கக்கொள்ள பிடிச்சு இழுத்தா அடைப்பு முன்னால, கீழ அமத்தவே ஏலாம இறுக்கமா இருந்தா பின்னால. 10 சதம் செலவில்ல. பம்பு உறிஞ்சுற பலத்தக் காட்டுற ஒரு வெக்கியூம் மீட்டர் பம்புக்கு முன்பக்கத்தில பூட்டினம், முள்ளு ஏறுற விதத்தப் பாத்தா ஏத்தத்துக்கு முன்னமே தெரிஞ்சிடும், அதுக்குப் பிறகு நடு ரோட்டில நிண்டது இல்ல.

ஸ்டார்ட் பண்றதும் நிப்பாட்டுறதும் டீசல்ல, நடுவில மட்டும் எண்ணெய், அதுக்கு ரெண்டு டாங்கி வேணும். நிப்பாட்ட 10 நிமிசத்துக்கு முன்ன டீசலுக்கு மாத்தாட்டி ராவைக்கு பில்டரும் பைப்பும் உறைஞ்சு, விடிய உங்களோட கோவிச்சுக்கொண்டு கிடக்கும். எஞ்சின் ஒயில பாதித் தூரத்திலயே மாத்துங்க, எரியாத எண்ணெய் கீழ இறங்கி அதைக் களியாக்கிடும். எஞ்சினுக்கு எண்ணெய் அடிக்கிற பம்புகளில, கேன்டர்ல இருக்கிற மாதிரி வரிசைப் பம்பு (இன்லைன்) ஓரளவுக்குத் தாங்கும், சுத்துற பம்புக்கு (ரோட்டரி) இந்தத் தடிப்புக் கஷ்டம், கொம்பியூட்டர்ல ஓடுற புதுச் சாதி கொமன் ரெயில் லொறி எண்டா இந்தப் பதில மூடிட்டு செட்டுக்குப் போங்க.

மண்ணெண்ணெய் கலந்தா மெல்லிசாகும் எண்டு சொல்லுறவங்களும் இருக்காங்க. மெல்லிசாகும்தான். லீட்டர் 87 ரூபாக்கு வித்த காலத்தில எல்லாரும் கலந்தாங்க, 2022 ஆவணியில 340 ஆனதோட அந்தக் கதை நிண்டுட்டு.

கழுவித் திருப்பிப் போடலாமா எண்டதுக்கு: நான் போட்டிருக்கிறன், பெற்றோல்ல அலசி, காத்தடிச்சு, ரெண்டு தரம். ரெண்டாந்தரம் கடதாசி மடிப்பு ஒண்டு கண்ணுக்குத் தெரியாம கிழிஞ்சிட்டு, பில்டர் அடைக்கவே இல்ல, லொறி சோக்கா இழுக்குது, நானும் சந்தோசமா ஓடினன். கிழிசலால ஊத்தை உள்ள போய், 900 கிலோமீட்டர்ல எஞ்சினுக்குள்ள எண்ணெய் பீச்சுற நாலு நொசில்லயும் மூணு போச்சு.