கால்சியம் நார்மல், பிடிஎச் மட்டும் அதிகம்: இது எப்படி?

கேள்வி இரண்டு பகுதியாக இருக்கிறது. பாராதைராய்டு ஹார்மோன் (பிடிஎச்) கால்சியத்தை எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்பது ஒன்று. ரிப்போர்ட்டில் கால்சியம் சரியாக இருக்கும்போது பிடிஎச் மட்டும் ஏன் ஏறி நிற்கிறது என்பது மற்றொன்று. நான் மருத்துவர் இல்லை, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவன். இரண்டாவது கேள்வியைக் கேட்காத வாரமே எங்களுக்குக் கிடையாது. முதலாவதைப் புரிந்துகொண்டால் அதற்கான பதில் தானாக வந்துவிடும்.

நம் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும். ரத்தத்தில் ஓடுவது ஒரு கிராம்கூடத் தேறாது. ஆனால் நரம்பும் தசையும் இதயமும் நம்பியிருப்பது அந்தச் சொற்பத்தைத்தான். அது குறைந்தால் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு வரும், தசை இழுக்கும், முற்றினால் வலிப்பு வரை போகும். கூடினால் சோர்வு, மலச்சிக்கல், ஓயாமல் சிறுநீர், சிறுநீரகக் கல், மனக்குழப்பம். அதனால் டெசிலிட்டருக்கு சுமார் 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்ற குறுகிய எல்லைக்குள்ளேயே அதை வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

அந்த வேலையைப் பார்ப்பவை கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும், பெரும்பாலும் நான்கு, குட்டிச் சுரப்பிகள். பாராதைராய்டு என்று பெயர், பிடிஎச்சைச் சுரப்பவை இவைதான். ஒவ்வொன்றும் 30 முதல் 50 மில்லிகிராம்தான். சுவீடனின் உப்சாலாவில் மருத்துவ மாணவராக இருந்த இவார் சாண்ட்ஸ்ட்ராம் 1880-இல் இவற்றை மனித உடலில் விவரித்து எழுதியும் அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. தைராய்டை வெட்டும்போது இவையும் சேர்ந்து போய், நோயாளிக்குக் கைகால் இழுத்துக்கொண்டதன் காரணம் பிறகுதான் புரிந்தது.

இந்தச் சுரப்பிச் செல்களின் மேற்பரப்பில் கால்சியத்தை உணரும் ஏற்பி ஒன்று இருக்கிறது. கால்சியம் கூடினால் அது சுரப்பை அடக்கும், குறைந்தால் விட்டுவிடும், சில நொடிகளுக்குள் பிடிஎச் வெளியே வரும். வந்தது ரத்தத்தில் நிலைப்பதும் சில நிமிடங்கள்தான். இந்த அற்ப ஆயுளை அறுவைச் சிகிச்சையில் பயன்படுத்திக்கொள்கிறார்கள். கெட்டுப்போன சுரப்பியை எடுத்த 10 நிமிடத்தில் ரத்தம் எடுத்து அனுப்புவார்கள், பிடிஎச் பாதிக்கும் கீழே விழுந்திருந்தால் சரியான சுரப்பியைத்தான் எடுத்திருக்கிறோம் என்று கழுத்தைத் தைப்பார்கள். எங்கள் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த ரத்த மாதிரி அதுதான்.

அப்புறம், பிடிஎச் செய்யும் வேலைகளில் எனக்கு அழகாகத் தெரிவது சிறுநீரகத்தில் நடப்பது. சிறுநீரோடு போகவிருந்த கால்சியத்தைப் பிடித்து நிறுத்துகிறது, அதே நேரத்தில் பாஸ்பேட்டை வெளியே தள்ளுகிறது. ஏன் தள்ள வேண்டும்? ரத்தத்துக்குக் கால்சியம் சேர்க்க பிடிஎச் எலும்பையும் கரைக்க வைக்கிறது, அப்படிக் கரைத்தால் கால்சியத்தோடு பாஸ்பேட்டும் சேர்ந்தே வரும். அது ரத்தத்தில் தங்கினால் பாடுபட்டுக் கொண்டுவந்த கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடும். மூன்றாவதாக, வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றச் சொல்லிச் சிறுநீரகத்தை முடுக்குகிறது. குடல் உணவிலிருந்து கூடுதல் கால்சியத்தை உறிஞ்சுவது அதனால்தான். குடலுக்கு பிடிஎச் நேரடியாக எதுவும் சொல்வதில்லை.

எலும்பிலும் ஒரு சுற்றுவழி. பிடிஎச் போய்த் தட்டுவது எலும்பைக் கட்டும் செல்களின் கதவை, அவைதான் கரைக்கும் செல்களைத் தூண்டுகின்றன. ஹார்மோன் ஓயாமல் உயர்ந்தே இருந்தால் எலும்பு தேயும். ஆனால் அதன் முதல் 34 அமினோ அமிலங்களை மட்டும் கொண்ட டெரிபாரடைடு மருந்தை தினம் ஒரு ஊசியாகப் போட்டால் எலும்பு வளர்கிறது!

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். கால்சியம் நார்மல், பிடிஎச் அதிகம் என்றால் பெரும்பாலும் சுரப்பிகள் மிகையாக உழைத்து அந்த நார்மலைக் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். எலும்பை அடகு வைத்து வாங்கிய நார்மல் அது. வைட்டமின் டி குறைபாடும் சிறுநீரகக் கோளாறும்தான் முதலில் பார்க்க வேண்டியவை. குடல் உறிஞ்சாத நோய்களும் காரணமாகலாம். இவை எதுவும் இல்லையென்றால், சுரப்பிக் கோளாறின் ஆரம்பநிலையா என்று மருத்துவர் யோசிப்பார்.

பலர் கோட்டைவிடுவது இதன் மறுபக்கத்தில். கால்சியம் 11.2, பிடிஎச் நார்மல் எல்லைக்குள். பிடிஎச் பக்கத்தில் சிவப்புக் குறி இல்லை என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். கால்சியம் அவ்வளவு உயர்ந்தால் பிடிஎச் அடங்கிப்போயிருக்க வேண்டும். அடங்காமல் நடுவில் நிற்பதே கோளாறு. பெரும்பாலும் ஒரே ஒரு சுரப்பியில் வளர்ந்த, புற்றுநோய் அல்லாத கட்டிதான் காரணமாக இருக்கும். புற்றுநோயால் கால்சியம் ஏறினால் பிடிஎச் பொதுவாகத் தாழ்ந்திருக்கும்.

ஆகவே பிடிஎச் எண்ணை மட்டும் தனியாகப் படிக்காதீர்கள். அதே ரத்தத்தில் கால்சியம், ஆல்புமின் என்ற புரதம், பாஸ்பேட், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், வைட்டமின் டி, மெக்னீசியம் ஆகியவையும் இருந்தால் மருத்துவருக்குப் படம் தெளிவாகும். ஆல்புமின் எதற்கு என்றால், ரத்தக் கால்சியத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவானது புரதத்தில் ஒட்டியிருக்கிறது, புரதம் குறைந்தாலே மொத்தக் கால்சியம் குறைவாகத் தெரியும். மெக்னீசியம் மிகவும் குறைந்தால் பிடிஎச் சுரக்கவே திணறும், அதைச் சரிசெய்யாமல் கால்சியம் மட்டும் கொடுத்துப் பயனில்லை. முடிக்காகவோ நகத்துக்காகவோ அதிக அளவு பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் ரத்தம் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சில பரிசோதனை முறைகளில் அது பிடிஎச் அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.